வேகத்தைச் சொல்லும் கருவியா, காவலரைச் சொல்லும் கருவியா?

2022-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்து இரவொன்று. சென்னையிலிருந்து விமானத்தில் வந்துகொண்டிருந்த என் தாயாரை அழைத்து வருவதற்காக, கச்சிபௌலியிலிருந்து வெளிவட்டச் சாலை வழியே ஷம்ஷாபாத் விமான நிலையத்திற்குச் சென்றுகொண்டிருந்தேன். வங்கியில் காலாண்டுக் கணக்கு வேலை நீண்டதால் புறப்படுவதற்கே தாமதமாகிவிட்டது. எழுபது வயதைக் கடந்த தாயார் பெட்டியுடன் தனியே நின்றுகொண்டிருப்பாரே என்ற பதற்றத்தில் வண்டியை விரட்டினேன். அப்போது அச்சாலையின் உச்ச வேகம் மணிக்கு 100 கி.மீ. என் வண்டியின் வேகம் 113 என்பது இரண்டு நாள்கள் கழித்து வந்த இ-சலானைப் பார்த்த பிறகே எனக்குத் தெரிந்தது. வண்டியின் நிழற்படம், நாள், நேரம், வேகம் ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. அபராதம் சேவைக் கட்டணத்துடன் 1,035 ரூபாய்.

தொகையை உடனே செலுத்திவிட்டேன். ஆனால் எரிச்சல் தீரவில்லை. அன்றிரவே கைப்பேசியில், காவலர் வேகம் அளக்கும் இடத்தை முன்கூட்டியே உணர்த்தும் ‘ரேடார் டிடெக்டர்’ என்னும் கருவிகளைத் தேடத் தொடங்கினேன். எது சிறந்தது, எது மலிவு, எதற்கு எத்தனை நட்சத்திரம் என்று வணிகவியல் படித்தவனுக்குரிய ஒழுங்குடன் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதினேன். அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகன் அந்தத் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, “அப்பா, இது நாம எவ்வளவு வேகமா போறோம்னு சொல்லுமா, இல்ல போலீஸ் எங்க நிக்கறாங்கன்னு சொல்லுமா?” என்று கேட்டான். உடனே விடை சொல்ல எனக்கு வரவில்லை. அந்தக் கேள்விக்கு நான் தேடிய விடையையே வாடிக்கையாளர்களாகிய உங்களுடன் இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

கருவி எவ்வாறு வேலை செய்கிறது?

ஓடும் பொருளின் மீது பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண், அப்பொருளின் வேகத்திற்கேற்ப மாறுகிறது. 1842-இல் ஆஸ்திரிய அறிஞர் கிறிஸ்டியன் டாப்ளர் விளக்கிய இந்த விதியே ரேடார் வேகமானியின் அடிப்படை. 24.15 கிகாஹெர்ட்ஸ் அலையை, மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் எதிரே வரும் காரின் மீது செலுத்தினால், திரும்பும் அலையின் அதிர்வெண் ஏறத்தாழ 4,470 ஹெர்ட்ஸ் கூடியிருக்கும். அந்த வேறுபாட்டைக் கருவி வேகமாக மாற்றிக் காட்டுகிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1940-களின் இறுதியிலேயே காவல்துறை இம்முறையைச் சாலையில் பயன்படுத்தத் தொடங்கியது.

ரேடார் டிடெக்டர் என்பது அந்த அலையைக் கேட்கும் வானொலிப் பெட்டி, அவ்வளவே. காவலரின் கருவிக்கு அலை சென்று, பட்டு, திரும்பியும் வர வேண்டும். நம் கருவிக்கோ அது ஒருவழியாக வந்து சேர்ந்தாலே போதும். மேலும், ரேடார் கற்றை விரிந்து பரவுவது. நமக்கு முன்னே செல்லும் வண்டிகளைக் குறிவைத்த அலையின் சிதறல் நம்மையும் வந்து தொடும். ஆகவே, காவலர் நம் வேகத்தை அளப்பதற்கு முன்பே நம் கருவி ஒலித்துவிடும். 1978-இல் ‘எஸ்கார்ட்’, 1992-இல் ‘வாலன்டைன் ஒன்’ ஆகிய கருவிகள் அமெரிக்காவில் புகழ்பெற்றதற்கு இதுவே காரணம்.

அந்நாட்டு வாங்குவோர் இவற்றை ஒப்பிடும்போது நான்கு தன்மைகளைப் பார்க்கின்றனர். எவ்வளவு தொலைவிலிருந்து அலையை உணர்கிறது என்பது முதலாவது. கடைகளின் தானியங்கிக் கதவு, பக்கத்துக் காரின் பக்கவாட்டு எச்சரிக்கை உணரி ஆகியவற்றிற்கெல்லாம் பொய்யாக ஒலிக்காமல் இருக்கிறதா என்பது இரண்டாவது. பொய் எச்சரிக்கை தந்த இடங்களை ஜி.பி.எஸ். துணையுடன் நினைவில் வைக்கிறதா என்பது மூன்றாவது. அலை எத்திசையிலிருந்து வருகிறது என்று அம்புக்குறியால் காட்டுகிறதா என்பது நான்காவது. இந்த நான்கிலும் தேறும் கருவியின் விலை அங்கேயே சுமார் 500 டாலர்.

நம் சாலைகளில் நிலைமை வேறு

ஹைதராபாத்தில் வெளிவட்டச் சாலையிலும், மெஹ்திபட்டணம் முதல் ஆராம்கர் வரை 11.6 கி.மீ. நீளும் பி.வி. நரசிம்ம ராவ் மேம்பாலச் சாலையிலும் முக்காலியில் நிறுத்திய கருவியுடன் காவலர் நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அது லேசர் துப்பாக்கி. ரேடாருக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. லேசர் கருவி, கண்ணுக்குத் தெரியாத ஒளித் துடிப்புகளை நொடிக்கு நூற்றுக்கணக்கில் செலுத்தி, ஒவ்வொன்றும் திரும்பி வர எடுக்கும் நேரத்திலிருந்து வண்டியின் தொலைவு குறைந்துகொண்டே வருவதைக் கணக்கிடுகிறது. இதற்கு அரை நொடிகூடத் தேவையில்லை. 300 மீட்டர் தொலைவிலும் அந்தக் கற்றையின் அகலம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அது உங்கள் வண்டியின் எண் பலகையைத் தேடி வரும். பக்கத்து வண்டிக்குச் சிதறாது.

எனவே, லேசரை உணரும் வசதி கொண்ட விலையுயர்ந்த டிடெக்டரே என்றாலும், அது ஒலிக்கும் கணத்தில் வேகம் பதிவாகி முடிந்திருக்கும். அணை உடைந்த பிறகு அடிக்கும் மணியால் யாருக்கு என்ன பயன்?

மற்றொரு மாற்றமும் வந்துகொண்டிருக்கிறது. மும்பை–புணே விரைவுச்சாலையின் புதிய கண்காணிப்பு முறையில், இரண்டு இடங்களுக்கு இடையே வண்டி எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு சராசரி வேகம் கணக்கிடப்படுகிறது. கேமராவைக் கண்டவுடன் பிரேக்கை அழுத்திவிட்டு, கடந்ததும் மீண்டும் பறப்பவருக்கு அங்கே இடமில்லை. எண் பலகையைப் படிக்கும் கேமரா ரேடார் அலை எதையும் வெளியிட வேண்டியதில்லை. கேட்பதற்கு ஓசையே இல்லாத இடத்தில் காது எவ்வளவு கூர்மையாக இருந்தும் பயனில்லை.

வெளிநாடுகளில் உள்ள நம் உறவினர் வாங்கி அனுப்புவதாகச் சொன்னால், அங்குள்ள சட்டத்தையும் நினைவில் கொள்வது நல்லது. தமிழர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் இக்கருவியை வண்டியில் வைத்திருப்பதே குற்றம். காவலர் அதைப் பறிமுதல் செய்யலாம். பிரான்சு, ஜெர்மனி, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் ஆகிய இடங்களிலும் இதன் பயன்பாட்டுக்குத் தடை உண்டு. காவலரின் அலையைக் குலைக்கும் ‘ஜாம்மர்’ கருவிகளின் பக்கமே போகக் கூடாது. நம் நாட்டில் அரசின் அனுமதியின்றித் தனியார் அலைத்தடுப்பான்களைப் பயன்படுத்துவது சட்டவிரோதம்.

வங்கியாளரின் கணக்கு

500 டாலர் என்பது நம் பணத்தில் 40,000 ரூபாய்க்கு மேல். சுங்கவரியும் அனுப்பும் செலவும் தனி. பழுதானால் இங்கே சீர்செய்து தர ஆள் கிடைப்பதும் அரிது. அந்த 40,000 ரூபாயை ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டியில் வைப்புத்தொகையாக இட்டால் 2,800 ரூபாய் கிடைக்கும். எனக்கு விதிக்கப்பட்டது போன்ற இரண்டு அபராதங்களை அந்த வட்டியிலேயே கட்டிவிட்டு மீதியும் பார்க்கலாம். அசல் அப்படியே இருக்கும். அபராதம் கட்டுங்கள் என்று சொல்வதற்காக இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. இந்தப் பொருளுக்குப் பொருளாதார நியாயம்கூட இல்லை என்பதைக் காட்டவே சொல்கிறேன்.

அப்படியானால் எதை வாங்குவது?

என் மகனின் கேள்வியையே அளவுகோலாக வைத்து, சந்தையில் உள்ள மற்ற கருவிகளை ஒப்பிட்டேன். ‘என் வேகத்தை எனக்குச் சொல்லும் கருவி எது?’ என்று கேட்டால் விடைகள் எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கின்றன.

முதலாவது, காரிலேயே உள்ள எச்சரிக்கை ஒலி. 2019 ஜூலை 1 முதல் தயாரிக்கப்படும் கார்களில், ஓட்டுநர் காற்றுப்பை, இருக்கைவார் நினைவூட்டல், பின்பக்க உணரி ஆகியவற்றுடன் வேக எச்சரிக்கையும் கட்டாயம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தைக் கடந்தால் விட்டுவிட்டு ஒலிக்கும். 120-ஐக் கடந்தால் தொடர்ந்து ஒலிக்கும். சிலர் பணிமனையில் சொல்லி இதைத் துண்டித்துவிடுகின்றனர். விலை கொடுத்து வாங்கிய பாதுகாப்பைக் கூலி கொடுத்துக் கழற்றுவது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்கு விளங்கவில்லை. பல கார்களில் நாமே விரும்பும் வேகத்தை எச்சரிக்கை அளவாக வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. கார் வாங்கி நான்கு ஆண்டுகள் ஆன பிறகே, கையேட்டைப் படித்து என் வண்டியிலும் அந்த வசதி இருப்பதை அறிந்தேன்.

இரண்டாவது, கைப்பேசி வரைபடச் செயலி. கூகுள் மேப்ஸ் இந்தியாவில் வேகமானி, வேக வரம்பு, கேமரா எச்சரிக்கை ஆகியவற்றைக் கொண்டுவந்துள்ளது. நம் நாட்டு ‘மேப்பிள்ஸ்’ செயலியிலும் இத்தகைய வசதிகள் உள்ளன. இவற்றுக்குச் செலவில்லை. செயலி காட்டும் வேகம் காரின் வேகமானி காட்டுவதைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, சிறிது கூட்டிக் காட்டலாம் என்பது பன்னாட்டு விதி. அதனால் தயாரிப்பாளர்கள் கூட்டியே அமைக்கின்றனர். செயலியின் குறை அதன் தகவல் பழையதாக இருக்கக்கூடும் என்பதே. வெளிவட்டச் சாலையின் வரம்பு தொடக்கத்தில் 120 ஆக இருந்து, பின்னர் 100 ஆகக் குறைக்கப்பட்டு, 2023-இல் மீண்டும் 120 ஆனது. எந்தத் தடத்திற்கு எந்த வேகம் என்பதைச் சாலையோரப் பலகையே உறுதியாகச் சொல்லும். செயலியும் பலகையும் முரண்பட்டால் பலகையையே நம்புங்கள்.

மூன்றாவது, முன்கண்ணாடியில் வேகத்தை எண்ணாகப் பிரதிபலிக்கும் சிறு திரை. சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. சாலையிலிருந்து பார்வையை விலக்காமலே வேகத்தை அறியலாம். வாங்குமுன், பகல் வெளிச்சத்தில் எண் தெரிகிறதா என்று கடையிலேயே வெளியே எடுத்துவந்து பாருங்கள்.

நான்காவது, முன்நோக்கும் கேமராவான ‘டாஷ்கேம்’. இது வேகத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் விபத்து நேர்ந்தால் சாட்சி சொல்லும். இரவில் எதிர்வண்டியின் எண் படிக்கும்படித் தெரிய வேண்டும். ஹைதராபாத் கோடையில் மூடிய காருக்குள் தகிக்கும் வெப்பத்தைத் தாங்க வேண்டும். மின்கலத்திற்குப் பதிலாக வெப்பம் தாங்கும் மின்தேக்கி கொண்டதாயின் நலம். நாளும் நேரமும் சரியாகப் பதிவாகின்றனவா என்று அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றிதழுடன் நீதிமன்றத்தில் முன்வைக்க வழிசெய்கிறது. ஆகவே மூலப் பதிவை வெட்டாமல், திருத்தாமல் பாதுகாத்து வையுங்கள்.

நான் கட்டம் போட்ட தாளில் இறுதியாக நின்றவை இந்த நான்கும்தான். முதல் இரண்டிற்குச் செலவே இல்லை. மூன்றாவதும் நான்காவதும் அவரவர் வசதியைப் பொறுத்தவை.

இரண்டு நிமிடத்தின் விலை

கச்சிபௌலி–ஷம்ஷாபாத் இடையிலான 22 கி.மீ. பகுதிதான் வெளிவட்டச் சாலையில் முதலில், 2008 நவம்பரில், திறக்கப்பட்டது. அந்த 22 கி.மீ. தொலைவை மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கடக்க 13 நிமிடம் 12 நொடி ஆகும், 120 கி.மீ. வேகத்தில் 11 நிமிடம். அன்றிரவு நான் ஓட்டிய 113 கி.மீ. வேகத்தில் மிச்சமானது முழுதாக ஒன்றரை நிமிடம். என் தாயார் அதற்குப் பிறகும் பெட்டிக்காக அரை மணி நேரம் உள்ளேயே காத்திருந்தார்.

மறுபக்கத்தையும் பார்ப்போம். தடையைக் கண்டு காலைப் பிரேக்கில் வைக்க ஒன்றரை நொடி ஆகிறது என்றும், உலர்ந்த சாலை, நல்ல டயர் என்றும் கொண்டால், 80 கி.மீ. வேகத்தில் வண்டி நிற்க ஏறத்தாழ 69 மீட்டர் வேண்டும். 100 கி.மீ. வேகத்தில் 97 மீட்டர். 120 கி.மீ. வேகத்தில் 130 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்காகும்போது நிற்கும் தொலைவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. மழையில் இது இன்னும் நீளும். இரவில் விளக்கின்றி ஓரமாக நிற்கும் லாரிக்கும் நமக்கும் இடையே அந்த முப்பது மீட்டர் இல்லாமற்போனால் என்னவாகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் 71.2 விழுக்காட்டினரின் இறப்புக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியுள்ளது.

அபராதச் செய்தி என்னும் வலை

வங்கி அலுவலன் என்ற முறையில், அபராதத்தைவிடப் பெரிய இழப்பொன்றைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியுள்ளது. சென்ற ஆண்டு, மாரேட்பள்ளியில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காலையில் கிளை திறக்கும் முன்பே வந்து வாசலில் நின்றார். முந்தைய இரவு அவருடைய வாட்ஸ்அப்பிற்கு, வண்டி எண்ணுடன் ‘இ-சலான்’ என்ற பெயரில் ஒரு கோப்பு வந்திருக்கிறது. அதைத் தொட்டதும் ஒரு செயலி நிறுவப்பட்டது. குறுஞ்செய்திகளைப் படிக்க அது அனுமதி கேட்டது, அவரும் தந்துவிட்டார். விடிவதற்குள் கணக்கிலிருந்து 68,000 ரூபாய் போய்விட்டது. “அபராதம் பாக்கி வைக்கக் கூடாதுன்னுதான் சார் தொட்டேன். நாற்பது வருஷமா பிள்ளைங்களுக்கு அதைத்தானே சொல்லிக் கொடுத்தேன்” என்றார். அவரிடம் கார்கூட இல்லை, பழைய ஸ்கூட்டர்தான். உடனே கணக்கை முடக்கி, 1930 என்ற எண்ணுக்கு அவரைக் கொண்டே புகார் சொல்ல வைத்தோம். ஒரு பகுதித் தொகை வேறொரு கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டது. மீதி திரும்பவில்லை.

நேர்மையானவர்களின் அச்சமே இந்த மோசடியின் முதலீடு. 2023 டிசம்பரில் தெலங்கானா அரசு நிலுவைச் சலான்களுக்கு இருசக்கர வண்டிகளுக்கு 80 விழுக்காடும் கார்களுக்கு 60 விழுக்காடும் தள்ளுபடி அறிவித்தபோது, போலி இணையதளங்கள் முளைத்ததாகக் காவல்துறையே எச்சரிக்க நேர்ந்தது. எனவே பின்வருவனவற்றை வீட்டில் உள்ள அனைவருக்கும் சொல்லிவையுங்கள்.

சலான் உண்டா என்பதை, வந்த இணைப்பைத் தொடாமல், மாநிலக் காவல்துறை அல்லது ‘பரிவாகன்’ இணையதளத்தில் நீங்களே முகவரியைத் தட்டச்சு செய்து பாருங்கள். அரசுத் தளத்தின் முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடியும். ‘ஏபிகே’ என்று முடியும் கோப்பு எதுவாயினும், யார் அனுப்பியதாயினும், திறக்காதீர்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். முதலில் வங்கிக்கும் 1930-க்கும் தெரிவியுங்கள். 2017 ஜூலை 6-ஆம் நாளிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளர், வங்கி ஆகிய இருவரின் தவறுமின்றி வெளியாரால் நேர்ந்த இழப்பை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. கடவுச்சொல்லைப் பகிர்ந்தது போன்ற கவனக்குறைவு நம்முடையதானால், தெரிவிக்கும் நேரம்வரை ஏற்படும் இழப்பு நம்மைச் சேரும்; அதற்குப் பிறகு ஏற்படுவது வங்கியைச் சேரும். ஒவ்வொரு நிமிடமும் பணம் என்பது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மை.

சலான் தவறாக வந்தால்

காவலரின் கருவியும் பிழை செய்யலாம். அதற்கான வழியைச் சட்டமே தருகிறது. 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதி 167-ஏ, வேகக் கருவிகளுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்புதல் சான்று வேண்டும் என்றும், கண்காணிக்கப்படும் சாலையில் எச்சரிக்கைப் பலகை தெளிவாகத் தெரியும்படி வைக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. குற்றம் நிகழ்ந்த 15 நாள்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றும் 2021-இல் வகுக்கப்பட்டது. மேலும், கடையில் உள்ள எடைக்கல்லுக்கு முத்திரை இருப்பது போல, வேகம் அளக்கும் ரேடார் கருவிகளையும் சரிபார்த்து முத்திரையிட வேண்டும் என்னும் சட்டமுறை எடையளவு விதிகள் 2025 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. ஆகவே சலானில் உள்ள வண்டி உங்களுடையதுதானா, இடமும் நாளும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஐயமிருப்பின் உரிய தளத்தில் முறையிடுங்கள். மறைந்து தப்புவதைவிட இந்த வழி நிமிர்ந்து நடப்பது.

நான் அந்தத் தாளைக் கிழித்தெறியவில்லை; காரின் கையேட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறேன். என் மகன் இப்போது உரிமம் பெற்று அதே காரை ஓட்டுகிறான். எச்சரிக்கை ஒலியை 95-இல் வைத்திருக்கிறோம். சென்ற மாதம் அவன் ஓட்ட, நான் பக்கத்தில் அமர்ந்து விமான நிலையத்திற்குச் சென்றோம். வழியில் ஒருமுறை ஒலித்தது. அவன் ஒன்றும் பேசாமல் காலைத் தளர்த்தினான். பின்னிருக்கையில் இருந்த என் தாயார், “என்னடா சத்தம் அது?” என்று கேட்டார். “ஒண்ணுமில்ல பாட்டி, மெதுவா போகச் சொல்லுது” என்றான்.